ஷேக் தாவூது வீட்டுக் கதவு

கதவில் ஒட்டிய மர நட்சத்திரத்தின் எட்டு முனைகளில் ஒன்று மட்டும் கொப்புளமாக எழும்பி நின்றது. ஆனந்தராஜ் அதைக் கட்டைவிரலால் அமுக்கினான். அமுங்கியது. விரலை எடுத்ததும் பூரி போல மறுபடி எழுந்தது.

கதவுக்குச் சொந்தக்காரரான ஷேக் தாவூது அதே நேரத்தில் பட்டறை வாசலில் காரை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

கீரனூரில் திருச்சி சாலையை ஒட்டி ஆனந்தராஜுக்குத் தகரக் கூரை போட்ட பட்டறை. மரத்தைக் காகிதக் கனத்துக்குச் சீவிய வெனீர்த் தகடுகளை வெட்டி, பலாவின் மஞ்சளையும் ஈட்டியின் கருமையையும் தேக்கின் பொன்னிறத்தையும் பக்கம் பக்கமாகப் பொருத்திப் பலகைமேல் படமாக ஒட்டுவது அவன் தொழில். சாயம் தொடமாட்டான். நிறமெல்லாம் மரத்தின் சொந்த நிறம். கெட்டிக்காரன்தான். ஆனால் பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அவனுக்குக் கை ஓடாது. கல்யாணத்தன்று மண்டபமே பார்த்துக்கொண்டிருக்க, தாலிச் சரட்டை ரம்யாவின் ஜிமிக்கியோடு சேர்த்து முடிச்சுப் போட்டவன் அவன்.

ஷேக் தாவூதுக்குச் சொந்த ஊர் மீமிசல். ஷார்ஜாவில் குழாய்க் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் பொறுப்பாளர். பல வருஷச் சம்பாத்தியத்தில் ஊரில் வீடு கட்டி முடித்து, தலைவாசல் கதவு மட்டும் பாக்கி என்ற நிலையில் லீவில் வந்திருந்தார். வந்து இறங்கிய அன்று திருச்சி ஓட்டல் ஒன்றில் ஆனந்தராஜ் செய்த வரவேற்பு மேசையைப் பார்த்திருக்கிறார். விசாரித்துக்கொண்டு நேராகக் கீரனூருக்கே வந்துவிட்டார். யானை, மயில் எதுவும் வேண்டாம், நடுவில் எட்டு முனை நட்சத்திரம், சுற்றிலும் ஒரு கொடி, அவ்வளவுதான் என்றார். லீவு குறைச்சல், சீக்கிரம் வேண்டும் என்றும் சொன்னார்.

இந்தக் கதவு மீமிசலில் போய் நின்றால் அடுத்தது கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று கடற்கரை முழுக்கத் தன் கதவுகளாகவே இருக்கும் என்று ஆனந்தராஜ் கணக்குப் போட்டிருந்தான். அந்தக் கணக்கின்மேல்தான் இப்போது கொப்புளம் கிளம்பியிருந்தது.

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நட்சத்திரத்தின்மேல் போட்டான். துண்டு ஏன் கதவுமேல் கிடக்கிறது என்று ஷேக் தாவூது விசாரித்தார். தூசி என்றான். அவர் துண்டை எடுத்துப் பார்த்தார்.

சத்தம் போடுவார் என்று ஆனந்தராஜ் காத்திருந்தான். அவர் சத்தம் போடவில்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொப்புளத்தை ஒரு டாக்டரின் கவனத்தோடு பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்து நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், அளவுநாடாவைப் பக்கத்தில் விரித்து வைத்து ஒரு படம் எடுத்தார். யாருக்கோ வீடியோ அழைப்புப் போட்டார். கொப்புளத்தை விரலால் அமுக்கியும் விட்டும் காட்டி இந்தியில் ஏதோ பேசினார். எதிர்முனையில் இருந்த ஆள் கோபமாக ஏதோ கத்தினான்.

"கம்பெனில மேனேஜர் ஏசுறாரு தம்பி" என்றார் ஷேக் தாவூது, கைபேசியைப் பையில் போட்டபடி. "லீவு முடிஞ்சுருச்சு. ஒங்களால டிக்கெட்ட மாத்திட்டு ஒக்காந்திருக்கேன். வெரசா முடிச்சுக் குடுங்க."

சாயங்காலம் ரம்யா திருச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவளுக்கு ஒரு கைபேசி பழுதுபார்க்கும் நிலையத்தில் புகார் வாங்கும் மேசையில் வேலை. நாள் முழுக்க ஊரார் திட்டை வாங்கிப் பழகியவள். ஆனந்தராஜ் நடந்ததைச் சொல்லச் சொல்ல, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள்.

"டேப்பு வெச்சா போட்டோ எடுத்தாரு?"

"ஆமா."

"அப்ப கேசுதான்."

கத்துகிற வாடிக்கையாளரால் ஆபத்தே இல்லை என்று அவள் விளக்கினாள். கத்திவிட்டு டீ குடித்துவிட்டுப் போய்விடுவான். சத்தம் போடாமல் படம் எடுக்கிறவன்தான் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகிறவன். அதிலும் அளவு தெரியும்படி படம் எடுக்கிறவன் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தவன். அவள் மேசைக்கு அப்படி வந்தவர்களில் ஒருவர்கூடத் தோற்றதில்லை.

மறுநாளே கொப்புளத்தைப் படிய வைத்துவிடுவது என்று ஆனந்தராஜ் முடிவெடுத்தான்.

கொப்புளத்துக்கு வைத்தியம் அவனுக்குத் தெரியாதது அல்ல. பிளேடால் மெல்லக் கீறி, ஊசியால் பசையை உள்ளே ஏற்றி, மேலே காகிதம் வைத்து இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினால் படிந்துவிடும். பட்டறை இஸ்திரிப் பெட்டி கெட்டுக் கிடந்ததால் வீட்டிலிருந்து ரம்யாவின் பெட்டியைக் கொண்டுபோனான். அவன் கீறிக்கொண்டிருக்கும்போதே ஷேக் தாவூது வந்து பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஆனந்தராஜ் ஊசியை அழுத்தினான். பசை ஒரு பங்குக்கு மூன்று பங்காக ஏறியது. வெள்ளைக் காகிதத்துக்குப் பதிலாகக் கைக்குக் கிடைத்த செய்தித்தாளைக் கிழித்து மேலே வைத்துத் தேய்த்தான்.

பசை வெளியே பொங்கிச் செய்தித்தாளோடு ஒட்டிக்கொண்டது. உரித்தபோது காகிதம் வந்தது, மை வரவில்லை. ஈட்டிக் கருமைக்கும் தேக்குப் பொன்னுக்கும் நடுவே, பலா மஞ்சளின்மேல் ஒரு விளம்பரம் இடம் வலம் மாறிப் பதிந்திருந்தது. மாறியிருந்தாலும் வாசித்துவிட முடிந்தது. ஷேக் தாவூது குனிந்து எழுத்துக் கூட்டினார்.

"மூலம். பௌத்திரம். அறுவை இல்லை."

பிறகு அதையும் படம் எடுத்தார்.

பெட்டியின் அடியில் பசை இருந்ததை ஆனந்தராஜ் கவனிக்கவில்லை. மறுநாள் காலை ரம்யா ஆபீசுக்குப் போடும் நீலச் சுடிதாரின் முதுகில் அது முக்கோணமாக ஒட்டிக்கொண்டது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அவள் துப்பட்டாவை முதுகுப்பக்கம் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். போகும்போது அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் இன்னொரு கேசு இருந்தது.

விளம்பரத்தைப் போக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். காகிதக் கனமுள்ள மரத்தில் எவ்வளவு தேய்க்கலாம் என்பது அவனுக்கு உறக்கத்திலும் தெரியும். ஷேக் தாவூது நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப்போட்டு, மூலம் போய்விட்டது, பௌத்திரத்தில் பாதி இருக்கிறது என்று நேரடி வருணனை சொல்லிக்கொண்டிருந்ததில் அந்த நிதானம் தப்பியது. பௌத்திரமும் போனது. கூடவே பலாவும் போய் அடியிலிருந்த பிளைவுட் பல்லைக் காட்டியது.

அந்த முனையை முழுசாகப் பெயர்த்துவிட்டு வேறு பலாத் தகட்டில் புதிதாக வெட்டி ஒட்டினான். அது வேறு மரத்துப் பலா. மற்ற ஏழும் வெளுத்த மஞ்சளாக இருக்க, இது மட்டும் பழுத்த சுளை நிறத்தில் மின்னியது. ஒரே ஒரு தங்கப்பல் கட்டின மாதிரி இருக்கிறது என்றார் ஷேக் தாவூது. சொன்னது சரிதான். அதனால் எட்டையுமே பெயர்த்தான்.

இதற்குள் ஷேக் தாவூது வருவது வழக்கமாகிவிட்டது. மச்சான் பாசித் காரை ஓட்டிவருவான். வந்ததும் இருக்கையைச் சாய்த்துக் காருக்குள்ளேயே தூங்கிவிடுவான். இவர் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிப்பார், கதவைத் தடவிப் பார்ப்பார், ஏதாவது ஒரு குறை கண்டுபிடிப்பார், படம் எடுப்பார், மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டுவார். போகும்போது மறக்காமல் சீக்கிரம் முடிக்கச் சொல்லி அவசரப்படுத்திவிட்டுப் போவார். சில நாள் குறையே இல்லாத இடத்திலும் குறை சொல்வார். ஒருமுறை தேக்கின் ரேகை இங்கே மேல்நோக்கிப் போகிறது, அங்கே கீழ்நோக்கி வருகிறது என்றார். மரம் அப்படித்தான் வளர்ந்தது என்று ஆனந்தராஜ் சொல்லிப் பார்த்தான். வளர்ந்தது மரத்தின் இஷ்டம், வாங்குவது என் இஷ்டம் என்று சொல்லிவிட்டார்.

எட்டு முனைகளையும் அவர் கண்ணெதிரே வெட்டியதில் நட்சத்திரம் ஒரு நூல் அளவு பெருத்துப்போனது. பெருத்த நட்சத்திரம் கொடியை இடித்தது. இடித்த இடத்தில் ஓர் இலையை எடுத்தான். இலை போன இடம் பொக்கையாகத் தெரிந்தது. அந்தப் பொக்கையில் சிவப்பு மரத்தில் ஒரு பூ வைத்தான். அடுக்கிதழ், நீளக் காம்பு, பக்கத்தில் ஒரு மொட்டு. தள்ளி நின்று பார்த்து, பரவாயில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஷேக் தாவூது தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"எதுக்குத் தம்பி கோழி வெச்சீங்க?"

"பூவுங்க பாய்."

"கொண்டை இருக்கே."

"அது இதழுங்க."

"கொத்துற மாதிரி குனிஞ்சிருக்கே."

அது மொட்டு என்று ஆனந்தராஜ் சொல்லிப் பார்த்தான். அவர் சொன்னபிறகு அவனுக்குமே அது கோழியாகத்தான் தெரிந்தது. கைபேசியில் அதைப் படம் எடுத்துப்போய் வீட்டில் காட்டி இது என்ன என்று கேட்டான். ரம்யா யோசிக்கவே இல்லை. நாட்டுக்கோழி என்றாள்.

ஒரு பூ இருப்பதால்தான் கோழியாகத் தெரிகிறது, நான்கு மூலையிலும் வைத்தால் பூவாகிவிடும் என்று அவனுக்கு ஒரு யோசனை வந்தது. மற்ற மூன்று மூலைகளிலும் வைத்தான். இப்போது நான்கு கோழிகள் நான்கு மூலையிலிருந்தும் நட்சத்திரத்தைக் கொத்தித் தின்ன வந்துகொண்டிருந்தன.

பூட்டுக்குத் துளை போட்ட அன்றுதான் எல்லாவற்றுக்கும் உச்சம். பாலிஷ் போடுவதற்காகக் கதவைக் கவிழ்த்துப் போட்டிருந்தான். கவிழ்ந்த கதவில் இடது எது வலது எது என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஷேக் தாவூது நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, வெரசா வெரசா என்று அவசரப்படுத்தினார். துளை கீல் பக்கம் விழுந்துவிட்டது. அந்தத் துளையில் ஈட்டித் துண்டு ஒன்றை உருட்டி அடைத்தான். கரேலென்று வட்டமாக ஒரு புள்ளி நின்றது. இது என்ன என்று அவர் கேட்டபோது, கண்ணுபடாமல் இருக்க வைத்த திருஷ்டிப் பொட்டு என்று சொல்லிவைத்தான்.

காருக்குள் தூங்கிக்கொண்டிருந்த பாசித், கண்ணைத் திறக்காமலே கேட்டான்: "இந்தக் கதவுக்கா?"

ஷேக் தாவூது பொட்டை அளவுநாடாவோடு படம் எடுத்துக்கொண்டார். மேனேஜர் அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் கத்தினார்.

ஆனந்தராஜ் உடைந்துபோனான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த வேலை என்னால் முடியாது, வாங்கிய முன்பணத்தைத் தந்துவிடுகிறேன், வேறு ஆளைப் பாருங்கள் என்றான். ஷேக் தாவூதுக்கு முகம் வெளிறிவிட்டது. அவர் அப்படிப் பதறி அவன் பார்த்ததில்லை.

"அப்புடியெல்லாம் சொல்லப்புடாது தம்பி. இந்தக் கதவ நீங்கதான் செய்யணும். வேற ஒருத்தன்கிட்டக் குடுத்தா அவன் டக்குனு முடிச்சுப்புடுவான்" என்றவர், தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவசரக்கோலமா முடிச்சுப்புடுவான். தரம் இருக்காது" என்றார்.

இதைக் கேட்ட ரம்யா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். வேலையை முடிக்கவும் விடமாட்டேன் என்கிறார், கைவிடவும் விடமாட்டேன் என்கிறார் என்றால், கோர்ட்டுக்கு இன்னும் படம் போதவில்லை என்று அர்த்தம். அவள் இரண்டு நாள் லீவு போட்டாள். அந்தக் கதவைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கச் சொன்னாள். இனி அதைத் தொடக்கூடாது என்றாள்.

"புதுசா ஒண்ணு செய்ங்க. நான் ஷட்டரை எறக்கிட்டு வெளிய ஒக்காந்துக்கிறேன். ஒரு ஈ காக்கா உள்ள வராது. நானும் எட்டிப் பாக்க மாட்டேன்."

வெளியூர் போயிருக்கிறோம் என்று அட்டையில் எழுதிக் கம்பியில் கட்டிவிட்டு, அதே பிளாஸ்டிக் நாற்காலியை வெளியே போட்டு உட்கார்ந்தாள். ஆனந்தராஜின் கைபேசியும் அவள் மடியில் இருந்தது. ஷேக் தாவூது கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவள் எடுக்கவே இல்லை.

உள்ளே, பார்க்க ஆளில்லாத பட்டறையில், ஆனந்தராஜுக்குக் கை திரும்பி வந்தது.

ஒரே தேக்கிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய இரண்டு தகடுகளை, புத்தகத்தை விரித்த மாதிரி எதிரெதிராக வைத்தான். ரேகைகள் நடுவில் வந்து ஒன்றையொன்று கைகுவித்துக் கும்பிட்டன. எட்டு முனைகளையும் ஒரே பலாத் தகட்டில் வெட்டினான். வீட்டு வாணலியில் மணலை வறுத்து, ஒவ்வொரு முனையின் ஓரத்தையும் அதில் ஒரு நொடி செருகி எடுத்தான். ஓரம் மட்டும் இலேசாகக் கருகி, தட்டையான மரத்தில் நிழல் விழுந்தது. நட்சத்திரம் பலகையை விட்டு மேலெழுந்து நிற்பது போல இருந்தது. கொடியில் இலை இலையாக வைத்தான். பூ எதுவும் வைக்கவில்லை. பூட்டுத் துளை போடுமுன் பேனாவால் தன் வலது கையில் வலது என்று எழுதிக்கொண்டான்.

ஷட்டரைத் தூக்கியபோது ரம்யா உள்ளே வந்தாள். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு மணல் ஒட்டிக்கிடந்த வாணலியைப் பார்த்தாள். அப்போதும் எதுவும் பேசவில்லை. அவளிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு அவனுக்குக் கிடைத்ததே இல்லை.

சொல்லாமல் கொள்ளாமல் கொண்டுபோய் மாட்டிவிடுவது என்று முடிவாயிற்று. குட்டியானை வண்டி ஒன்றைப் பிடித்து, கதவை மெத்தையில் சுற்றிக் கட்டி, புதுக்கோட்டை, அறந்தாங்கி வழியாக இருவரும் மீமிசலுக்குப் போனார்கள். வழி முழுக்க ஒவ்வொரு பள்ளத்திலும் ஆனந்தராஜ் திரும்பித் திரும்பிக் கதவைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

புது வீட்டின் தலைவாசலில் கதவுக்குப் பதிலாகத் தேர்தல் சமயத்துப் பிளெக்ஸ் ஒன்று தலைகீழாகத் தொங்கியது. யாரோ ஒரு வேட்பாளர் தலைகீழாகக் கும்பிட்டுக்கொண்டு வரவேற்றார். வேட்பாளரின் இடுப்பை விலக்கிக்கொண்டு வெளியே வந்த ஷேக் தாவூது, குட்டியானையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"முடிஞ்சுருச்சா?" என்றார்.

"முடிஞ்சுருச்சுங்க பாய்."

வேட்பாளரைக் கழற்றிவிட்டுக் கதவை மாட்டினார்கள். கீல் ஒரு சத்தம் போடவில்லை. சாய்ந்து விழுந்த வெயிலில் நட்சத்திரம் உயிரோடு இருப்பது போல மின்னியது. தெருவில் போனவர்கள் நின்றார்கள். மீன்கூடையோடு போன இரண்டு பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து தொட்டுப் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரர் ஆனந்தராஜிடம் கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார்.

ஷேக் தாவூது டார்ச்சை எடுத்துவரச் சொன்னார். ஒவ்வொரு முனையையும் டார்ச் அடித்துப் பார்த்தார். அளவுநாடா வைத்தார். உள்ளங்கையால் தடவினார். காதை வைத்துத் தட்டிக் கேட்டார். கீழிருந்து பார்த்தார், ஸ்டூல் போட்டு மேலிருந்தும் பார்த்தார். கடைசியில் டார்ச்சை அணைத்துவிட்டு, ஓரமாகக் கிடந்த சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"ஒரு கொறையும் இல்லையே தம்பி" என்றார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆனந்தராஜுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. தன் வேலையைப் பார்த்து ஒரு மனிதர் கண்கலங்கி அவன் கண்டதில்லை. கேசு இல்லை என்று ரம்யா காதோடு சொன்னாள். இவ்வளவு ரசனை உள்ள மனிதரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று இருவருக்குமே சங்கடமாக இருந்தது.

மேனேஜர் தானாகவே வீடியோவில் கூப்பிட்டார். கதவைக் காட்டச் சொன்னார் போலிருக்கிறது. ஷேக் தாவூது செத்த பாம்பைக் காட்டுவது போலக் கைபேசியை அந்தப் பக்கம் நீட்டினார். எதிர்முனையில் முதல்முறையாகக் கத்தல் இல்லை. பலமான கைதட்டல் கேட்டது. ஷேக் தாவூது பேச்சை முடித்துவிட்டு, பாசித்தைச் சாடை காட்டிக் கூப்பிட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.

அவர் மனைவி ரம்லத் பீவி விருந்தாளிகளை உள்ளே அழைத்து உட்கார வைத்தாள். சோறும் வாவல் மீன் குழம்பும் பரிமாறினாள். வேண்டாம் வேண்டாம் என்றாலும் இலையில் இறாலை அள்ளி வைத்தாள். கொல்லைப்பக்கத்திலிருந்து சுத்தியல் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஏதோ பெயர்த்தெடுக்கும் சத்தம். அதைத் தொடர்ந்து கண்ணாடி உடையும் சத்தம்.

ரம்யா கையை நிறுத்திவிட்டு, பாய் அங்கே என்ன செய்கிறார் என்று கேட்டாள்.

ரம்லத் பீவி கொல்லைப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். பிறகு ஆனந்தராஜின் இலையில் இன்னொரு மீன் துண்டை வைத்தபடி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"கதவில்லாத வீட்டுல பொண்டாட்டியத் தனியா விட்டுட்டு எப்புடி வர்றதுன்னு மேனேஜர்ட்ட ஒங்க கதவு போட்டோவக் காட்டிக் காட்டித்தான் தம்பி இம்புட்டு நாளும் லீவ நீட்டிக்கிட்டு வந்தாக, இப்ப ஜன்னலக் கழட்டுறாக, அதையும் நீங்களே செஞ்சு குடுங்க, ஆனா கதவு மாதிரி நல்லாச் செஞ்சுபுடாதீங்க."